வேலூரிலிருந்து சொந்தச் சொல்லிசை (ராப்) லேபிள் தொடங்க நினைக்கிறேன். திட்டுவதென்றாலும் திட்டுங்கள்

இரவுப்பணி (இழையைத் தொடங்கியவர்)
ஞாயிறு, பின்னிரவு 2:10

வணக்கம். காட்பாடிக்காரன், வயது 25. வேலூரில் பெரிய மருத்துவமனை இருக்கும் சாலையில் ஒரு மருந்துக்கடையில் இரவு வேலை. இதைக்கூடக் கல்லாவில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நடுவில் வங்காளத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் மருந்துச் சீட்டை நீட்டியதால் எழுந்து போய்விட்டு வந்தேன்.

ஆறு ஆண்டுகளாகச் சொல்லிசை எழுதிப் பாடி வருகிறேன். இணையத்தில் ஏழு பாட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று என் பாட்டியைப் பற்றியது. குடியாத்தத்தில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு நாற்பது ஆண்டுகள் பீடி சுற்றியவர். அந்தப் பாட்டு 2022இல் சென்னையிலுள்ள ஓர் இசை நிறுவனத்துக்குப் போயிற்று. 15,000 ரூபாய், எட்டுப் பக்கக் காகிதம், பக்கத்துக்கு ஒரு கையெழுத்து. படித்துப் பார்த்தாயா என்று கேட்காதீர்கள். முதல் பக்கம் படித்தேன்.

இரண்டு மாதங்களுக்கு முன் பாட்டி இறந்துவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த இரவு, அதே வரிகளை வேறு மெட்டில், பறை மட்டும் வைத்துப் பாடிப் பதிவேற்றினேன். மூன்றாம் நாள் உரிமைக் கோரிக்கை வந்து பாட்டு முடங்கியது. என் பாட்டியைப் பற்றி நான் எழுதிய வரியை நானே பாடக் கூடாதாம்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். வட ஆற்காட்டுக் குரல்களுக்கென்று சொந்த லேபிள், அதாவது பாட்டைப் பதிந்து வெளியிடும் நிறுவனம். ஆம்பூர், வாணியம்பாடி, ஆரணி, ராணிப்பேட்டை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள். பெயர் வைத்தாகிவிட்டது, முத்திரையும் தயார், கோட்டைச் சுவருக்கு மேல் ஓர் ஒலிவாங்கி. பெயரை இங்கே சொல்லமாட்டேன், யாராவது முந்திக்கொள்வீர்கள். கையில் 1,80,000 ரூபாய் இருக்கிறது. சத்துவாச்சாரியில் ஓர் அறை பார்த்து வைத்திருக்கிறேன், முன்பணம் 60,000. முதல் ஆண்டிலேயே ஐந்து கலைஞர்களைச் சேர்ப்பதாகத் திட்டம். எங்கிருந்து தொடங்கலாம்?


அகழி_மீன்
ஞாயிறு, காலை 7:32

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு. இனி அந்த வரிசையில் பாட்டு இல்லாத லேபிள்.


சலவன்பேட்டை_வாசி
ஞாயிறு, காலை 8:05

சாமி 1981லேயே கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். பாலாற்றிலும் 2021இல் கரை புரண்டு தண்ணீர் போயிற்று. வேலூரைப் பற்றிய தாத்தா காலத்துக் கிண்டலை விட்டுவிட்டுத் தம்பி கேட்டதற்குப் பதில் இருந்தால் சொல்லுங்கள்.


ஜோலார்பேட்டை_பாசஞ்சர்
ஞாயிறு, காலை 9:20

சொல்கிறேன், கசப்பாக இருக்கும். வேலூரில் லேபிள் எதற்கு? இரண்டரை மணி நேரத்தில் சென்னை. பாட்டுக்கு ஆள், படப்பிடிப்புக்கு ஆள், மேடை, எல்லாம் அங்கே. அரக்கோணத்தில் பிறந்த ராப்பர் அறிவு 2019இல் 'தெருக்குரல்' தொகுப்பைக் கொண்டுவந்தார், ஊரெல்லாம் பேசியது. அரக்கோணத்தில் ஒரு லேபிளைத் தொடங்கிவிட்டா அதைச் செய்தார்? நல்ல பாட்டு எழுதினார், வழி திறந்தது. உன் 1,80,000 ரூபாயில் இரண்டு நல்ல காணொளி எடு. லேபிள், கம்பெனி என்பதெல்லாம் வயிறு நிறைந்த பிறகு.


இரவுப்பணி
ஞாயிறு, பிற்பகல் 1:15

அண்ணா, காணொளி எடுத்தாலும் அது யாருடையது என்ற கேள்வி வருமே. 2021இல் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' உலகமே கேட்ட பாட்டு. மூன்று ஆண்டு கழித்து 2024 மார்ச்சில் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் காணொளி வெளியிட்டு, அதிலிருந்து தங்களுக்குப் பணமே வந்து சேரவில்லை என்றார். அவ்வளவு பெரியவர்களுக்கே அந்த நிலை என்றால் மருந்துக்கடைக்காரன் எம்மாத்திரம்?


ஜோலார்பேட்டை_பாசஞ்சர்
ஞாயிறு, பிற்பகல் 1:40

அந்தப் பாட்டை வெளியிட்டதும் சுயாதீனக் கலைஞர்களுக்காகவே தொடங்கிய மேடைதான், தம்பி. சினிமா கம்பெனி அன்று. அவர்கள் தங்கள் பக்கத்தை வேறு விதமாகச் சொன்னார்கள். யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. 'சுயாதீனம்' என்று பலகை மாட்டினால் கணக்கு தானாக நேராகிவிடாது என்றுதான் சொல்கிறேன்.


பட்டறை_மகன்
ஞாயிறு, இரவு 9:50

இந்த இழையில் நான் பேசலாமா தெரியவில்லை. ராப் என்றால் எனக்கு என் மகன் அறையிலிருந்து வரும் சத்தம். ஆனால் நீங்கள் பேசும் விஷயம் என் தொழிலில் தினமும் நடப்பது.

எங்களுக்கு ராணிப்பேட்டைப் பக்கம் சிறிய தோல் பதனிடும் பட்டறை இருந்தது. 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, கழிவுநீருக்கு வழி செய்யாத பட்டறைகள் தடுமாறிய காலத்தில் அப்பா கையை விரித்துவிட்டார். நான் இன்றுவரை ஜாப் வொர்க் பார்க்கிறேன். தோல் இன்னொருவருடையது. பச்சைத் தோலாக வரும். சுண்ணாம்பு, டிரம், சாயம், ஆணி அடித்துக் காய வைப்பது, எல்லாம் நம் இடத்தில், நம் ஆள், நம் கரண்டு. கூலியை வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்புவோம். முடித்த தோல் சதுர அடிக் கணக்கில் எவ்வளவுக்குப் போனது, அது இத்தாலியில் என்ன செருப்பானது என்பதெல்லாம் நம் காதுக்கு வராது. கேட்கவும் உரிமை கிடையாது. தோல் நம்முடையது அல்லவே.

அதே டிரம், அதே ஆள். தோலை மட்டும் நாமே வாங்கிப் போட்டால் நாம் முதலாளி. விலை விழுந்தால் அடியும் நமக்கே. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் தெருவிலிருந்து பார்த்தால் இரண்டு பட்டறையும் ஒன்றுபோலத்தான் தெரியும். வாசலில் பலகை இருக்கும், உள்ளே நாற்றம் இருக்கும்.

தம்பி அறைக்கு 60,000 முன்பணம் என்கிறார். அது டிரம் வாங்குவது. தோல் எவ்வளவு கையில் இருக்கிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.


ஆரணிக்காரி
திங்கள், காலை 10:30

பட்டறை ஐயா சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்கிறேன். நான் ஒலிப்பொறியாளர், சென்னையில் பதினோரு ஆண்டுகளாக மிக்ஸிங் (பதிந்த குரலையும் இசையையும் சேர்த்துச் சமன்செய்வது) செய்கிறேன். எங்கள் தொழிலில் அந்தத் தோலுக்குப் பெயர் மாஸ்டர். ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் உண்டு: எழுதிய சொல்லும் மெட்டும் ஒன்று, அதைப் பாடிப் பதிந்த அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவு இன்னொன்று. லேபிள் என்பது பெரும்பாலும் இரண்டாவதை வைத்துப் பிழைப்பது.

இரவுப்பணி, ஏழு பாட்டு என்றாய். எத்தனை பாட்டின் பீட்டை, அதாவது பின்னணித் தாள இசையை, இணையத்தில் காசு கொடுத்து வாங்கினாய்? வாங்கியது முழு உரிமையா, வாடகையா?


இரவுப்பணி
திங்கள், காலை 11:02

நான்கு. ஒவ்வொன்றும் இரண்டாயிரத்துக்குள். லீஸ் என்று போட்டிருந்தது.


ஆரணிக்காரி
திங்கள், காலை 11:20

அப்படியானால் அந்த நான்கையும் தள்ளி வை. லீஸ் என்றால் அதே பீட்டை அவன் இன்னும் நூறு பேருக்குக் கொடுத்திருப்பான். இத்தனை ஆயிரம் கேட்பு வரை, இத்தனை ஆண்டு வரை என்று வரம்பு இருக்கும். ஒரே ஒலியைத் தானாகக் கண்டுபிடித்து உரிமை கோரும் யூடியூபின் கன்டென்ட் ஐடி ஏற்பாட்டில் உன் பாட்டு என்று அதைப் பதியவும் முடியாது. பதிந்தால் மற்ற நூறு பேரின் பாட்டிலும் உன் கோரிக்கை போய் உட்காரும், நிறுவனம் உன் கணக்கை மூடும். பாட வைத்துக்கொள்ளலாம், சொத்தாக எண்ண முடியாது.

ஏழில் நான்கு போக மூன்று. அதில் பாட்டி பாட்டு விற்றாகிவிட்டது. உன் லேபிளின் கிடங்கில் இரண்டு.


அகழி_மீன்
திங்கள், காலை 11:24

நான் சொன்னபோது கோபித்துக்கொண்டார்கள்.


சாட்சிக்_கையெழுத்து
திங்கள், மாலை 6:45

வேலூர் நீதிமன்ற வளாகத்தில் முப்பது ஆண்டு வழக்கறிஞர் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். வழக்கறிஞன் அல்லன், கடைசியில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டத்தான் வேண்டும். ஆனால் காகிதம் படிக்கத் தெரியும்.

தம்பி, அந்த எட்டுப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான்கு இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, எதை எழுதிக் கொடுத்தீர்கள். ஒலிப்பதிவை மட்டுமா, வரிகளையும் சேர்த்தா? ஒலிப்பதிவு மட்டும் என்றால் அதே வரியை நீங்கள் புதிதாகப் பாடுவதை அவர்கள் தடுக்க முடியாது. வரிகளும் போயிருந்தால் அனுமதி கேட்க வேண்டும். இரண்டாவது, காலம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்று கொள்ள வேண்டும். எந்த நாடு என்று குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும். ஆனால் எட்டுப் பக்கம் அச்சடித்தவர் அதை விட்டிருக்கமாட்டார். 'உலகம் முழுவதும், என்றென்றைக்கும்' என்று எங்காவது இருக்கும்.

மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, எழுதியவரும் மெட்டமைத்தவரும் உரிமையை எழுதிக் கொடுத்தாலும், அதன் பயன்பாட்டில் வரும் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்ததாக எழுதியிருந்தாலும் செல்லாது. 15,000 ரூபாயோடு கதை முடிந்தது என்று அவர்கள் சொல்லக் கூடாது. அந்தப் பங்கை வசூலித்துத் தரத்தான் ஐபிஆர்எஸ் என்ற சங்கம் 1969 முதல் இருக்கிறது. அதில் பாடலாசிரியராகச் சேர்ந்திருக்கிறீர்களா?

நான்காவது, ஆறாம் ஏழாம் பக்கத்தில் நீங்கள் என்னென்ன உறுதி கொடுத்திருக்கிறீர்கள் என்பது. அதைப் படித்துவிட்டு வாருங்கள்.


இரவுப்பணி
செவ்வாய், பின்னிரவு 3:30

படித்தேன். வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு மூன்றும் போயிருக்கின்றன. 'பிரபஞ்சம் முழுவதும்' என்று போட்டிருக்கிறார்கள், செவ்வாய்க் கிரகத்திலும் பாட முடியாது. ஐபிஆர்எஸ்ஸில் சேரவில்லை, அது சினிமாக்காரர்களுக்கு என்று நினைத்திருந்தேன். ஆறாம் பக்கத்தில், இந்தப் படைப்பின் எல்லா உரிமையும் என் ஒருவனுடையது என்று நான் உறுதி கூறுவதாக இருக்கிறது.


ஆம்பூர்_தட்டு
செவ்வாய், மாலை 4:18

கணக்கைப் புதிதாகத் தொடங்கிவிட்டு வருகிறேன். இந்த இழையை ஒரு நண்பன் அனுப்பினான். பாட்டி பாட்டின் பீட் என்னுடையது. மீதமிருக்கும் இரண்டு பாட்டின் பீட்டும் என்னுடையவை. லேபிள் தொடங்கப்போகிறான் என்பதை நான் இங்கே படித்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

'உரிமை என் ஒருவனுடையது' என்று கையெழுத்துப் போட்டாய் அல்லவா? அந்த மெட்டை நான் எட்டு இரவு உட்கார்ந்து செய்தேன். என் அம்மாவின் அம்மிச் சத்தத்தைப் பதிந்து, அதை வெட்டித்தான் தாளமாக வைத்தேன். 5,000 கொடுத்தாய், வாங்கிக்கொண்டேன், நண்பன் என்று. காகிதம் ஏதும் இல்லை.

இன்னொன்று. அந்தப் பாட்டில் ஒப்பாரி ராகத்தில் நான்கு வரி பாடிய அக்காவுக்கு 2,000 கொடுத்து அனுப்பினாய். பேர்ணாம்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்தவர். பாட்டின் கீழே அவர் பெயர்கூடக் கிடையாது, 'கோரஸ்' என்று இருக்கிறது. அதைக் கேட்டுத்தான் ஜனங்கள் அழுதார்கள், உன் ராப்பைக் கேட்டு அல்ல.

உன் பாட்டிக்கு இலையும் தூளும் கொடுத்து, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து, சரியில்லை என்று கழித்த பீடியையும் கூலியில்லாமல் எடுத்துக்கொண்ட கான்ட்ராக்டரைப் பற்றித்தான் பாடினாய். இப்போது ஐந்து கலைஞர்களைச் 'சேர்க்க' நினைக்கிறாய். இலை கொடுக்கும் ஆள் யார்?


சலவன்பேட்டை_வாசி
செவ்வாய், மாலை 4:40

கிடங்கில் இரண்டு என்று இருந்ததும் பாதியாகிவிட்டதா?


ஆரணிக்காரி
செவ்வாய், மாலை 5:05

ஆம்பூர்_தட்டு, கோபம் நியாயமானது. ஆனால் இது இவர் ஒருவரின் குணக்கேடு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மேசைக்கு வரும் பத்துப் பாட்டில் எட்டில் இதே நிலை. நண்பர்கள் சேர்ந்து செய்கிறார்கள், யாருக்கு எத்தனை பங்கு என்று கேட்பதே நட்புக்கு இழுக்கு என்று நினைக்கிறார்கள். பாட்டு ஓடாதவரை நட்பு நன்றாக இருக்கும்.

பதிவு நடக்கும் அன்றே, பாடியவர் வீட்டுக்குக் கிளம்பும் முன்னே, ஒரே ஒரு தாள். பாட்டின் பெயர், தேதி, வரி யார், மெட்டு யார், பாடியவர் யார், ஒலிப்பதிவுக்குச் செலவழித்தவர் யார், ஒவ்வொருவருக்கும் நூற்றில் எத்தனை, எல்லோரின் கையெழுத்து. என்னிடம் கார்பன் வைத்த பில் புத்தகம் இருக்கிறது, அதிலேயே எழுத வைப்பேன். எழுத மறுத்த ஆட்களும் உண்டு. அவர்களோடு இரண்டாம் பாட்டு செய்ததில்லை.


சாட்சிக்_கையெழுத்து
செவ்வாய், இரவு 8:10

ஆம்பூர்க்காரத் தம்பி வந்தது நல்லதாயிற்று. மெட்டுக்கு உரியவர் எதிலும் கையெழுத்திடவில்லை என்றால், மெட்டின் உரிமை அந்த நிறுவனத்துக்குப் போய்ச் சேரவே இல்லை என்று வாதாட இடம் இருக்கிறது. எழுதிக் கொடுப்பது எழுத்தில், உரியவர் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும் என்பது சட்டம். நிறுவனத்துக்கு இது சங்கடம்.

ஆனால் துள்ள வேண்டாம். 'எல்லாம் என்னுடையது' என்று ஆறாம் பக்கத்தில் உறுதி கொடுத்தது இரவுப்பணித் தம்பி. அவர்கள் அதை எடுத்து உங்கள் மேலேயே நீட்டலாம். அதனால் வழக்கு, அறிவிப்பு என்று இறங்காமல், இருவரும் சேர்ந்து பணிவாக ஒரு கடிதம் எழுதுங்கள். பறை வைத்துப் பாடிய இரங்கல் பதிவை அனுமதியுங்கள், பெயர் போடுகிறோம், வருமானம் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று. மெட்டமைத்தவரின் கையெழுத்தும் அந்தக் கடிதத்தில் இருக்கட்டும். படிக்கிறவருக்குப் புரியும்.


ஜமா_பேரன்
புதன், காலை 6:30

என் தாத்தா செய்யாறு பக்கம் கூத்து வாத்தியார். எங்கள் பக்கம் கூத்துக் குழுவுக்கு ஜமா என்று பெயர். தாத்தாவின் ஜமாவில் பதினான்கு பேர். வெற்றிலை பாக்கில் பணம் வைத்து ஊர்க்காரர் கூப்பிட்டால் தாத்தாதான் வாங்குவார். விடியக் கூத்து முடிந்து, முகத்து அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெயில் துடைத்துக்கொண்டே பங்கு பிரிப்பார்கள். எனக்கு ஏழு எட்டு வயது, பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். முதலில் வண்டிச் சத்தம், எண்ணெய், அரிதாரச் செலவு தனியே எடுத்து வைக்கப்படும். பிறகு பங்கு. கட்டியங்காரனுக்கும் மத்தளத்துக்கும் ஒரே பங்கு. பெட்டி, உடுப்பு, கிரீடம், புஜக்கட்டை எல்லாம் தாத்தாவுடையவை, அதனால் 'பெட்டிப் பங்கு' என்று அவருக்கு ஒன்று கூடுதல். அதைப் பார்த்து யாரும் முணுமுணுத்ததில்லை, ஏனென்றால் கிரீடம் உடைந்தால் ஒட்டுகிறவரும் அவர்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒருமுறை திருவிழாவுக்கு ஊரார் கூடுதலாக 500 ரூபாய் வேட்டியில் முடிந்து தாத்தாவிடம் மட்டும் கொடுத்தார்கள். அதையும் ஜமக்காளத்தில் எல்லோர் முன்னும் அவிழ்த்துக் கொட்டினார். அவர் பெரிய தர்மவான் அல்லர், வீட்டில் கஞ்சன். மத்தளக்காரர் பார்த்துவிட்டார், அதுதான் காரணம்.

லேபிள் என்ற சொல்லே எனக்கு விளங்கவில்லை. ஜமா என்றால் விளங்குகிறது.


இரவுப்பணி
புதன், இரவு 11:58

இரண்டு நாளாக எழுதவில்லை. ஆம்பூரானிடம் நேரில் போய்விட்டு வந்தேன். ஆம்பூர் ரயில் நிலையத்துக்கு வெளியே பேசத் தொடங்கினோம், முதலில் கத்தினான், பிறகு பிரியாணி வாங்கிக் கொடுத்தான், பிறகு மறுபடி கத்தினான். அக்காவிடம் தொலைபேசியில் பேசினேன். 'பேரைப் போடுப்பா, என் மகள் பள்ளியில் காட்டுவாள்' என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. அது இன்னும் வெட்கமாக இருந்தது.

ஆனால் ஒன்றை நான் விடமாட்டேன். அமெரிக்காவில் நிப்ஸி ஹசில் என்ற ராப்பர் 2013இல் தன் தொகுப்பை இணையத்தில் இலவசமாகக் கொடுத்துவிட்டு, அதையே தட்டாக ஒன்று 100 டாலர் என்று ஆயிரம் அச்சடித்து விற்றார். இன்னொரு ராப்பர் ஜே ஸீ மட்டும் நூறு வாங்கினார். மாஸ்டர் பி என்ற ராப்பர் ஒரு சிறிய இசைத்தட்டுக் கடையிலிருந்து தொடங்கினார். பாட்டுகளின் மாஸ்டரைத் தன்னிடம் வைத்துக்கொண்டு பெரிய நிறுவனத்துக்கு விநியோகத்தை மட்டும் கொடுத்தார். அவர்கள் ஊரும் தலைநகரம் அன்று. நம்மால் ஏன் முடியாது?


பட்டறை_மகன்
வியாழன், காலை 7:15

அந்த 100 டாலர் தட்டை வாங்கிய ஆட்களை அவர் எத்தனை ஆண்டு சேர்த்தார் என்று பாருங்கள். நம் மகன் சொன்ன இன்னொரு கதை எனக்குப் பிடித்திருந்தது. கான்சாஸ் நகரத்தில் டெக் நைன் என்ற ராப்பர். 1999இல் அவரோடு லேபிள் தொடங்கிய கூட்டாளி மரச்சாமான் பழுது பார்க்கும் தொழில் நடத்தியவராம். பாட்டு அவருக்குத் தொழிலே இல்லை. சரக்கு, வண்டி, கூலி, பாக்கி வசூல் தெரிந்த ஆள். உங்கள் ஐந்து பேர் பட்டியலில் பாடாத ஆள் ஒருவராவது இருக்கிறாரா?


ஜோலார்பேட்டை_பாசஞ்சர்
வியாழன், காலை 9:00

இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். என் பழைய பதிலில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். சென்னை பற்றியது நிற்கும்.


ஆரணிக்காரி
வியாழன், பிற்பகல் 12:10

சரி, காரியத்துக்கு வருவோம். இரவுப்பணி, என் கணக்கு இது. ஏற்பதும் விடுவதும் உன் விருப்பம்.

அறை வேண்டாம். 60,000 முன்பணம், மாத வாடகை, சுவருக்கு நுரைப் பலகை, மே மாதத்தில் ஏசி இல்லாமல் அங்கே ஒரு மணி நேரம் உட்காரமுடியாது. என் முதல் மூன்று ஆண்டும் பீரோவைத் திறந்து, தொங்கும் புடவைகளுக்கு நடுவே ஒலிவாங்கியை வைத்துத்தான் பதிந்தேன். நல்ல ஒலிவாங்கி, இடைமுகக் கருவி, தலைக்கேட்பி, எல்லாம் 40,000க்குள் முடி. உன் பாட்டு ஒன்றில் ஒன்றரை நிமிடத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் மெல்லக் கேட்கிறது. மிக்ஸிங்கில் எடுக்க முயன்று தோற்றிருக்கிறாய். எடுக்காதே. அந்தச் சாலையில் வேலை செய்கிறவன் பாட்டு என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

பாட்டை இணையத் தளங்களில் ஏற்றித் தரும் விநியோகத்துக்கு வருடச் சந்தா வாங்கும் நிறுவனங்களும் உண்டு, பங்கு எடுத்துக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு. சந்தா வகையில் கட்டுவதை நிறுத்தினால் பாட்டை இறக்கிவிடுகிறார்களா என்று முதலில் பார். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்து எண் வரும். அதை உன் நோட்டில் எழுதி வை. நாளை விநியோகஸ்தரை மாற்றினால் அதே எண்ணைக் கொடு, இல்லையென்றால் பழைய கேட்புக் கணக்கு புதுப் பதிவோடு சேராமல் போகும். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு விதி உண்டு: பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டியே கிடையாது. அதனால் ஐந்து கலைஞர், இருபது பாட்டு என்று கொட்டாதே. ஆண்டுக்கு நான்கு பாட்டு போதும்.


சாட்சிக்_கையெழுத்து
வியாழன், இரவு 7:30

கம்பெனி பதிவு இப்போது வேண்டாம். தனியாள் தொழிலாக உத்யம் என்ற சிறுதொழில் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும். பணம் கேட்கும் இணையதளங்கள் இடைத்தரகர்களுடையவை. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு பொதுவாகத் தேவையில்லை. வெளிநாட்டுப் பணம் வருவதால் ஒரு கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பெயரைப் பற்றித்தான் அவ்வளவு கவலைப்படுகிறீர்களே, வணிகக் குறிக்கு விண்ணப்பியுங்கள். தனிநபருக்கு இணையவழியில் ஒரு வகைக்கு 4,500 ரூபாய். ஒலிப்பதிவு 9ஆம் வகை, நிகழ்ச்சி 41ஆம் வகை. முதலில் ஒன்று போதும்.

ஒலிப்பதிவைப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவது கட்டாயம் அன்று; பதியாவிட்டாலும் உரிமை உண்டு. அந்தப் பணத்துக்கு ஒரு கெட்டி அட்டைப் பேரேடு வாங்குங்கள்.


இரவுப்பணி
ஐந்து மாதங்களுக்குப் பிறகு, சனி, பின்னிரவு 1:45

இழை மூடப்படாமல் இருப்பதால் எழுதுகிறேன்.

அறை எடுக்கவில்லை. நிறுவனத்துக்கு இருவரும் கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பினோம். ஏழு வாரம் பதில் இல்லை. பிறகு மூன்று வரியில் ஒரு மின்னஞ்சல்: பறைப் பதிவு இருக்கலாம், வருமானம் அவர்களுக்கு, பழைய பதிவின் கீழே மெட்டமைத்தவர் பெயரும் பாடியவர் பெயரும் சேர்க்கப்படும். அக்காவின் பெயரை ஓர் எழுத்துப் பிழையோடு சேர்த்திருக்கிறார்கள். மறுபடி எழுதியிருக்கிறேன். ஐபிஆர்எஸ்ஸுக்கு நானும் ஆம்பூரானும் விண்ணப்பித்துவிட்டோம்.

வணிகக் குறி விண்ணப்பம் போட்டாகிவிட்டது. கலைஞர்கள் ஐந்து பேர் அல்ல, நாங்கள் மூவர். பாடாத ஆள் ஒருவர் கிடைத்தார், எங்கள் கடைக் கணக்கர். காலாவதி மருந்தைத் திருப்பி அனுப்பி நிறுவனங்களிடம் பணம் வாங்குவதில் கெட்டிக்காரர். புதிய பாட்டு ஒன்று வெளியானது. பதிந்த அன்றே தாளில் எழுதினோம்: வரியும் குரலும் எனக்கு 40, மெட்டு அவனுக்கு 40, அக்காவுக்கு 20. பெட்டிப் பங்கு இரண்டாம் ஆண்டிலிருந்துதான். அதுவரை வருவது அப்படியே பிரியும். ஆம்புலன்ஸ் இந்தப் பாட்டிலும் வருகிறது, இம்முறை எடுக்க முயலவில்லை.

முதல் கணக்கு நேற்று வந்தது. 212 ரூபாய். பேரேட்டில் முதல் பக்கத்தில் எழுதி, படம் எடுத்து மூவர் குழுவில் போட்டு, அன்றே அனுப்பிவிட்டேன்.


ஜமா_பேரன்
சனி, காலை 6:20

ஜமக்காளம் விரித்தாயிற்று.


ஆம்பூர்_தட்டு
சனி, காலை 9:05

212இல் என் பங்கு 84 ரூபாய் 80 காசு. வந்தது 84. கணக்கரிடம் கேட்டுச் சொல்லவும்.